ஸ்லைடு கார்பரேட்டரா, சிவி கார்பரேட்டரா: பழுது பார்க்க எது எளிது?

ஆக்சிலரேட்டரைத் தொடாத ஐடில் நிலையில் இன்ஜின் சீராக ஓடவில்லை, ஆக்சிலரேட்டரைத் திருகினால் திணறுகிறது என்றதும் பலரும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கண்ணில் பட்ட திருகைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன், ஆக்சிலரேட்டர் கேபிள், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்பரேட்டருக்குள் எதை இழுக்கிறது என்று பாருங்கள். அதைப் பொறுத்துக் கோளாறைத் தேட வேண்டிய இடமே மாறிவிடும்.

கேபிள் மேல்மூடி வழியே நேராக இறங்கி, காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடைப் பிடித்திருந்தால் அது ஸ்லைடு கார்பரேட்டர். மிகுனியின் விஎம் வரிசை, கெய்ஹினின் பிடபிள்யூகே எல்லாம் இந்த வகை. கேபிள் பக்கவாட்டில் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றி, தலையில் அகலமான வட்ட மூடி இருந்தால் அது சிவி, அதாவது கான்ஸ்டன்ட் வெலாசிட்டி வகை. மிகுனியின் பிஎஸ் வரிசை இதற்கு உதாரணம். சிவியில் நம் கை திருப்புவது தட்டு போன்ற ஒரு பட்டர்ஃபிளை வால்வை மட்டும்தான். ஸ்லைடை மேலே தூக்குவது டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வின் இரு பக்கமும் உள்ள காற்றழுத்த வித்தியாசம்.

ஓட்டும்போது இந்த வித்தியாசம் உடனே தெரியும். ஸ்லைடு வகையில் குறைந்த வேகத்தில் சட்டென்று முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் காற்று வழி திடீரென அகலமாகிக் காற்றின் வேகம் விழுந்துவிடும். ஜெட் எனும் அளவுத் துளையிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பலம் இல்லாமல் இன்ஜின் ஒரு கணம் மூச்சுத் திணறும். இதைச் சமாளிக்கத்தான் கெய்ஹின் எஃப்சிஆர் போன்றவற்றில், அந்தக் கணத்தில் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் வைத்தார்கள். சிவியில் இன்ஜின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அவ்வளவுதான் ஸ்லைடு உயரும். அவசரக் கையை அது பொறுத்துக்கொள்ளும். மலை ஏறும்போது காற்று மெலிவதையும் ஓரளவு சரிக்கட்டும். பிக்கப் சற்று மிருதுவாக இருக்கும், அதைச் சிலர் சோம்பல் என்கிறார்கள். தினமும் சாலையில் ஓட்டுபவருக்கு அந்த மிருதுத்தன்மை நல்லது என்பது என் கட்சி.

ட்யூனிங்கில் அதிகம் குழப்புவது ஐடில் கலவையை அமைக்கும் மிக்ஸர் திருகுதான். அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூ. இன்ஜின் பக்கம் இருந்தால் கலவையைக் கட்டுப்படுத்தும் ஃப்யூயல் ஸ்க்ரூ. விஎம் வகையில் பெரும்பாலும் முதலாவது, சிவியில் பெரும்பாலும் இரண்டாவது. இரண்டும் நேர் எதிராக வேலை செய்யும். ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். ஃப்யூயல் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் குறையும். ஒரு வண்டியில் கற்றதை அப்படியே இன்னொன்றில் செய்தால் கோளாறு இரட்டிப்பாகும்.

முறை இரண்டுக்கும் ஒன்றுதான். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். பிறகு அணைத்துவிட்டு, திருகை மெதுவாக, அழுத்தாமல் முழுக்க உள்ளே விட்டு, ஒன்றரை சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலைக் கொஞ்சம் தூக்கி வைத்து, கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுத்து, இன்ஜின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைப் பிடியுங்கள். பின் ஐடில் திருகால் வேகத்தை இறக்குங்கள். அந்த நல்ல இடம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே வந்தால், ஏர் ஸ்க்ரூவில் பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் ஜெட்) சிறியது. ஃப்யூயல் ஸ்க்ரூவில் பைலட் ஜெட் பெரியது. மூன்று சுற்றைத் தாண்டிப் போனால் இதன் தலைகீழ். ஜெட் அடைத்திருந்தாலும் அது சிறிய ஜெட் போலவே நடந்துகொள்ளும், அதனால் மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பாருங்கள்.

நடு ஆக்சிலரேட்டரில், அதாவது கால் முதல் முக்கால் வரை, ஆட்சி ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியான நீடிலுடையது. ஸ்லைடு வகையில் நீடிலில், அதைத் தாங்கும் கிளிப்புக்காகப் பள்ளங்கள் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். புகை விதிகளுக்காக அமைக்கப்பட்ட பல சிவிகளில் நீடிலுக்குப் பள்ளமே கிடையாது. அரை மில்லிமீட்டர் கனத்தில் வாஷர் வைத்துத்தான் உயர்த்த வேண்டும். இந்த விஷயத்தில் ஸ்லைடு வகைக்கே என் ஓட்டு.

வண்டி பாதி வேகத்துக்கு மேல் ஏற மறுக்கிறது என்று வையுங்கள். ஸ்லைடு வகையில் முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் தரும் மெயின் ஜெட், நீடில், டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் வேகம் என்று வரிசையாகப் பார்க்கலாம். சிவியில் முதலில் தலைமூடியைத் திறக்க வேண்டும். டயாஃப்ரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை போதும், ஸ்லைடு முழுதாக எழாது. டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். மாட்டிய பின் ஸ்லைடை விரலால் தூக்கி விட்டால் தயங்கி இறங்க வேண்டும். தடையே இல்லாமல் விழுந்தால் கிழிசல் இருக்கிறது, அல்லது விளிம்பு பள்ளத்தில் உட்காரவில்லை. கார்ப் கிளீனர் ஸ்பிரே அந்த ரப்பர் மேல் படவே கூடாது, உப்பிவிடும். சுத்தம் செய்த பிறகு முன்பைவிட மோசமான சிவிகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

ஸ்லைடு வகையின் பலவீனம் தேய்மானம். ஸ்லைடு தளர்ந்தால் ஓரத்தில் காற்று கசிந்து ஐடில் ஏறி இறங்கும், என்ன திருகினாலும் நிலைக்காது. சிவியில் ஐடிலைப் பிடித்திருப்பது பட்டர்ஃபிளை என்பதால் அதன் ஷாஃப்ட் சீலைப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்ட பின்னும் வேகம் இறங்க மறுத்தால், இரண்டு வகையிலும் கார்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெடிப்பு இருந்தால், ஓடும் இன்ஜினில் அதன்மேல் தண்ணீர் தெளிக்கும்போது ஐடில் மாறும். பெட்ரோல் வழிவதும் இரண்டுக்கும் பொது: பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட், அதன் ஊசி வால்வு, அங்கே தங்கிய தூசு.

சிவி தொல்லை தருகிறது என்று அதைக் கழற்றி ஸ்லைடு வகையை மாட்டும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜெட்டிங், அதாவது ஜெட், நீடில் அளவுகள் முழுவதையும் புதிதாகத் தேட வேண்டும். ஜெட்டின் மேல் உள்ள நம்பரை வைத்து மாற்றவும் முடியாது, மிகுனி 120-ம் கெய்ஹின் 120-ம் ஒரே அளவு அல்ல. டூ-ஸ்ட்ரோக், மண் பாதை, தானே ட்யூன் செய்யும் ஆசை என்றால் ஸ்லைடு வகை அருமையான துணை. சாலை வண்டி கம்பெனியிலிருந்து சிவியோடு வந்திருந்தால் டயாஃப்ரம், பைலட் ஜெட், இணைப்பு ரப்பர் மூன்றையும் முடித்துவிட்டுத்தான் புதுக் கார்பரேட்டர் பற்றி யோசிக்க வேண்டும். பைலட் ஜெட்டை எஃகுக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது.