பழுதுகளோடு மதுரைக்கு ஒரு பயணம்

வெளிநாட்டிலிருந்து மதுரைக்குச் செல்வோர், உறவினர்களுக்கான சாக்லேட்டுகளுக்கு நடுவே, வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பொருள்களுக்கும் பெட்டியில் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் வசிக்கும் டொராண்டோவில் ஒரு ஜிப் மாற்றக் கேட்கும் கூலியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது மேலங்கியே வாங்கிவிடலாம் என்பதால், நல்ல பொருள்கள் பல சிறு குறையோடு அலமாரியில் முடங்கிக் கிடக்கின்றன. இம்முறை அடியில் கசியும் மிக்ஸி ஜார், ஜிப் பல் விழுந்த குளிர்கால மேலங்கி ஆகியவற்றை, சக்கரம் உடைந்த பெட்டியிலேயே வைத்து எடுத்துப் போனேன். மூன்றும் சரியாகிவிட்டன.

மிக்ஸி ஜாரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இந்தியாவில் 230 வோல்ட்; ஆகவே கனடாவில் விற்கும் இந்திய மிக்ஸிகளின் மோட்டார் வேறு. ஆனால் மின்சாரம் மோட்டாரோடு நின்றுவிடுகிறது. ஜாருக்குள் இருப்பவை பிளேடும், அதன் தண்டைத் தாங்கும் குழலான புஷ்ஷும், வாஷரும்தான்; அவற்றை மதுரையிலும் மாற்றிக்கொள்ளலாம். தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக், ஜாரைக் கையில் வாங்கியதும் பிளேடை விரலால் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். "ஜாரை மாத்த வேணாம்ணே, புஷ்ஷு தேஞ்சுபோச்சு, அம்புட்டுத்தான்" என்றவர், ஜாரை மோட்டாரோடு இணைக்கும், அடியிலிருந்த கப்ளரைக் கழற்றி, கறுத்துப்போன பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, புதியதை வாஷரோடு பொருத்தினார். பிறகு ஜாரில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, தம் கடை மிக்ஸியில் ஓடவிட்டு, ஒரு பழைய நாளிதழின்மேல் வைத்தார். தாள் நனைகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பொட்டு ஈரம் இல்லை. கழுவும் தொட்டியில் ஜாரை ஊறப்போடாமல் உடனே அலம்பிக் கவிழ்த்து வைத்தால் புஷ் நெடுநாள் உழைக்கும் என்று அவர் சொன்னதை, மிக்ஸியோடு வந்த கையேட்டில் நான் படித்ததாக நினைவில்லை.

பெட்டியின் கதை சுருக்கமானது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்தில், அந்த மாடலுக்குச் சக்கரம் வருவதில்லை என்று பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். பேருந்து நிலையத்தருகே பை தைப்பவரோ, தம் சாக்குப்பையில் கிடந்த சக்கரங்களுள் அளவொத்த ஒன்றைத் தேடியெடுத்து ரிவெட் அடித்துக் கொடுத்தார். சேவை என்பதற்கு இந்த இரண்டாமவரே எனக்கு இலக்கணம்.

மேலங்கிக்காகத் தையற்காரரைத் தேடியபோது ஊர் மாறியிருப்பது தெரிந்தது. மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கு இடையே வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடிய காட்சியோடு வளர்ந்தவன் நான். அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டுச் சிற்பங்கள் மூச்சுவிட இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, பிளவுஸ் பிரித்துத் தைப்பது எல்லாம் புது இடத்திலும் நடக்கின்றன. பஞ்சு அடைத்த மேலங்கியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த தையற்காரர், அதை முழுக்கப் புரட்டிப் பார்த்து, "இம்புட்டுக் குளிராண்ணே அங்கே?" என்று கேட்டுவிட்டு, பனிக்காலத்தில் கையுறையோடு இழுக்க வசதியாக ஜிப்பின் நுனியில் ஒரு நாடாவையும் தைத்துக் கொடுத்தார். அதை நான் கேட்கவேயில்லை. மதுரைக்காரர்களின் இந்தக் கூடுதல் அக்கறைக்காகவே இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம்.

பணம் கொடுப்பது பற்றி ஒரு தகவல். சந்துக் கடைகளில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. தொகை வந்துசேர்ந்ததும் சிறு ஒலிப்பெட்டி தமிழில் அறிவிக்கிறது. வெளிநாட்டு கார்டு அங்கே செல்லாது. ஆனால் 2023 முதல், கனடா உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணைக் கொண்டே, வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்திய வங்கிகளில் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை யுபிஐயில் இணைக்க வழி செய்திருக்கிறார்கள். எல்லா வங்கிகளும் எல்லாச் செயலிகளும் இதற்கு இடம் தருவதில்லை என்பதால், கிளம்புவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். சில்லறை நோட்டுகளும் கைவசம் இருக்கட்டும். பை தைப்பவரிடம் அட்டை இல்லை.

தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் மட்டும் தையல் வேலையை எதிர்பார்க்க வேண்டாம்; புதுத்துணிகள் குவிந்துகிடக்கும்போது பழைய துணியை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். மிக்ஸிக் கடைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பலகாரத்துக்கு மாவரைக்கும் நாள்களில் அங்கேயும் கூட்டம் இருக்கும். காலையில் கடை திறந்ததும் போய்விடுவது நல்லது.