சுய விலக்கு ஆணை: சிங்கப்பூரில் சூதாட்டத்தை நிறுத்த நினைப்பவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சிங்கப்பூரின் இரண்டு சூதாட்டக்கூடங்களும் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்டன. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2005இல், சூதாட்டப் பிரச்சினையால் பாதிக்கப்படுவோருக்காக ஒரு தேசிய மன்றம் அமைக்கப்பட்டது. என்சிபிஜி என்ற அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரைச் சொன்னால் இங்குள்ள பலருக்கும் புரியும். சூதாட்ட இடங்களுக்குள் தன்னை விடக் கூடாது என்று ஒருவர் தாமே தடை கேட்டுப் பெறும் சுய விலக்குச் சேவையை அந்த மன்றம் கட்டணமின்றி வழங்குகிறது. அதை என் தம்பி பயன்படுத்தியபோது நான் கூடவே இருந்து பார்த்தேன். சேவை நல்லது, நம்பிப் பயன்படுத்தலாம் என்பதே என் முடிவு. ஆனால் அது எந்தெந்த வழிகளை அடைக்கிறது, எவற்றைத் திறந்தே விடுகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாத குடும்பம் ஆணை கிடைத்ததும் நிம்மதியாக இருந்துவிடும். சில மாதங்களில் அந்த நிம்மதி குலைந்தும் போகும்.

ஒருவர் தமக்குத் தாமே விண்ணப்பித்து இந்த ஆணையைப் பெற்றுவிட்டால், மரினா பே சேண்ட்ஸிலும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசாவிலும் உள்ள சூதாட்டக்கூடங்களுக்குள் அவர் நுழைய முடியாது. கிளப்புகளில் உள்ள ஜாக்பாட் இயந்திர அறைகளுக்கும், சட்டப்படி லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தின் இணையக் கணக்குக்கும் இதே தடை பொருந்தும். எப்படியோ உள்ளே புகுந்து பணம் வென்றாலும் அந்தப் பணம் பறிமுதல் செய்யப்படும் என்று சட்டம் சொல்கிறது. மனம் மாறி ஆணையை நீக்கக் கேட்க வேண்டுமானால் குறைந்தது ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். என் பார்வையில் இச்சேவையின் மிகச் சிறந்த அம்சம் இந்தக் காத்திருப்புதான். மனம் தெளிவாக இருக்கும் ஒரு காலை வேளையில் எடுத்த முடிவை, சம்பளம் வந்த இரவில் எழும் வேகம் அசைக்க முடியாமல் அது காப்பாற்றுகிறது.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கடன் முற்றிய பிறகு என்றே பலர் பதில் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. விளையாட்டில் இருந்த மகிழ்ச்சி போய்விட்டது என்பதை, கடன்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு வெகு முன்பாகவே கண்டுகொள்ள முடியும். ஒரு சனிக்கிழமை மாலை தம்பி எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். நான்கு இலக்க எண்ணுக்குப் பணம் கட்டும் 4டி லாட்டரியின் குலுக்கல் ஆறரை மணிக்கு. கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தான். அதன் உறைக்குள் மடித்துச் செருகிய சீட்டின் ஓரம் வெளியே தெரிந்தது. முடிவு வந்ததும் எடுத்துப் பார்த்தான். அவனுக்கு ஒரு சிறு பரிசு விழுந்திருந்தது, ஆனாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “விழுந்திருக்கேடா” என்றேன். “விட்டதுக்கு இது எந்த மூலைக்குக்கா” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வென்ற பணம்கூட மகிழ்ச்சி தராமல், விட்டதை ஈடுகட்டும் கணக்கில் ஒரு வரியாக மட்டும் ஆகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்களும் இதிலிருந்து அதிகம் விலகியவை அல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, சூதாட்டக் கோளாறைப் போதைப் பழக்கங்களுடன் ஒரே பிரிவில் வைத்து ஒன்பது அடையாளங்களைத் தருகிறது. பன்னிரண்டு மாதங்களுக்குள் அவற்றுள் நான்கேனும் தெரிந்தால் கவனிக்க வேண்டிய நிலை. பழைய உற்சாகம் வர வேண்டுமென்று தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, குறைக்க முயன்றால் எரிச்சலும் பதற்றமும் வருவது, விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பிப் போவது, வீட்டாரிடம் பொய் சொல்வது, மனம் சோர்ந்தால் சூதாட்டத்தையே நாடுவது ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் எதற்கும் கடன் தொகை இவ்வளவு இருக்க வேண்டும் என்ற வரம்பு இல்லை. சொந்தச் சம்பளத்தில் மட்டும் ஆடுபவருக்கும் இந்தக் கோளாறு இருக்கலாம்.

விண்ணப்பிப்பது எளிது. மன்றத்தின் இணையத்தளத்தில், அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் கொண்டு நுழைந்து முடித்துவிடலாம். தனக்குத் தானே தடை கேட்பவரிடம் விசாரணை எதுவும் இல்லை, காரணத்தை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. கூச்சம் மிகுந்த என் தம்பியைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். சூதாட்டக்கூட நுழைவுக் கட்டணத்தைவிட இது எவ்வளவோ மேலான தடுப்பு என்பேன். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் செலுத்தும் நுழைவுக் கட்டணம் 2019 ஏப்ரலில் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளியாகவும் (சிங்கப்பூர் டாலர்) ஆண்டுக்கு 3,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. எப்போதாவது வேடிக்கை பார்க்க நினைப்பவரை அது தடுக்கும். பழக்கம் முற்றியவரோ அந்த 150 வெள்ளியையும் சேர்த்து மீட்க வேண்டும் என்ற எண்ணத்துடனேயே மேசையில் உட்காருவார்.

குறையென்று சொன்னால், அக்கம்பக்கத்துக் கடைகளில் விற்கும் 4டி, டோட்டோ லாட்டரிச் சீட்டுகளுக்கு இந்த ஆணை பொருந்தாது. அங்கே ரொக்கம் கொடுத்துச் சீட்டு வாங்குபவரின் பெயரைப் பதிவேட்டுடன் ஒப்பிடுவோர் யாரும் இல்லை. புதன், சனி, ஞாயிறு 4டி. திங்கள், வியாழன் டோட்டோ. வாரத்தில் வழக்கமான குலுக்கல் இல்லாத நாள்கள் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டுமே. 4டி கணக்கை நான் தாளில் போட்டுத் தம்பிக்குக் காட்டினேன். 10,000 எண்களில் பரிசுக்குரியவை 23. இந்த 23 எண்களுக்கும் பரிசு தரும் ‘பிக்’ வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, பத்துத் தொடக்கப் பரிசுகள் தலா 250, பத்து ஆறுதல் பரிசுகள் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,590 வருகிறது. அதாவது எல்லா எண்களையும் ஒருவரே வாங்கி 10,000 வெள்ளி கட்டினாலும் திரும்பி வருவது அவ்வளவுதான். கட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 34 காசு போய்விடுகிறது. இவ்வளவு வெளிப்படையான கணக்கைப் பார்த்த பிறகும் நம்பர் எழுதும் கை நிற்பதில்லை என்பதால்தான் வெளியிலிருந்து ஒரு தடை தேவைப்படுகிறது. அந்தத் தடை, மக்கள் மிகுதியாகப் போகும் கடையின் வாசலில் மட்டும் இல்லாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் சட்டவிரோதத் தளங்களுக்கும், மலேசியாவின் கெந்திங் மலையில் உள்ள சூதாட்டக்கூடத்துக்கும் ஆணை செல்லாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஆணையுடன் பணத்துக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். தம்பியின் ஒப்புதலோடு அவன் சம்பளம் மனைவியும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்குக்கு மாறியது. அன்றாடச் செலவுக்கு மட்டும் கையில் பணம். கடன் பாக்கிகளை ஒரே தாளில் எழுதி வைத்தோம். அவற்றை நாங்களே உடனே அடைத்துவிடவில்லை. ஒரே மூச்சில் கடன் தீர்ந்துவிட்டால் மீண்டும் கடன் வாங்கும் துணிச்சல் வந்துவிடுவதைச் சுற்றத்தில் கண்டிருக்கிறேன்.

ஆடுபவர் ஒப்புக்கொள்ளாத வீடுகளுக்குக் குடும்ப விலக்கு ஆணை உண்டு. கணவர் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் விண்ணப்பிக்கலாம். இதில் ஒரு மதிப்பீட்டுக் குழு இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்கிறது. ஆகவே தேதி வாரியாகப் பணம் போன விவரம், அடகுச் சீட்டுகள், கடன் கடிதங்கள் ஆகியவற்றை எடுத்து வைத்திருப்பது நல்லது. முழுத் தடை வேண்டாம், மாதத்துக்கு இத்தனை முறைதான் போகலாம் என்று வரம்பு வைத்துக்கொள்ளவும் வழி உள்ளது. ஆனால் வரம்பைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் மகிழ்ச்சி போய்விட்டவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு முழுத் தடையே பொருத்தம். மனச்சோர்வோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ சேர்ந்து வந்தால் மனநலக் கழகத்தின் அடிமைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவை உடனே அணுக வேண்டும். அந்த நிலையில் விலக்கு ஆணை மட்டும் போதாது.

தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து வேலை செய்யும் தம்பிமார்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 21 வயது நிரம்பிய எவரும் கடப்பிதழையோ வேலை அனுமதி அட்டையையோ காட்டி உள்ளே போய்விடலாம். ஊரில் வாங்கிய ஏஜெண்டு கடன் அடைபடாமல் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு குளிர்சாதன வசதிக்காகப் போய் உட்காரும் இடமாகத் தொடங்குவது சம்பளத்தையே விழுங்கிவிடக்கூடும். அவர்களும் சுய விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காக யாரும் வேலை இழக்க நேரும் என்று அஞ்சிப் பின்வாங்க வேண்டாம். பணம் பற்றி ஊருக்கு முதல் பொய்யைச் சொல்லும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்புவோர் மன்றத்தின் உதவி எண்ணான 1800-6-668-668ஐ அழைக்கலாம். ஆடுபவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய மனைவியோ தாயோ அறைத்தோழரோ அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.