மண்புழு உரம் என்று மண்ணை விற்கிறார்கள்: மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மதுரையில் எங்கள் பகுதியில் குட்டியானை வண்டியில் மண்புழு உரம் கொண்டுவந்து விற்கிறார்கள். 25 கிலோ மூட்டை 500 ரூபாய். வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியபோது மூட்டையின் வாயைப் பிரித்து மேலாக அள்ளிக் காட்டியது நல்ல உரம்தான். கறுப்பாக, தேயிலைத்தூள் மாதிரி உதிர்ந்தது. அடியில் இருந்ததெல்லாம் கரிசல் மண்ணும் மணலும். செம்மண், தேங்காய்நார்க் கழிவு, உரம் மூன்றையும் சம அளவில் கலந்துதான் பைகளை நிரப்பினேன். உரமே மண்ணாக இருந்தால் கலவையில் மூன்றில் இரண்டு பங்கு மண்தானே? பைகள் இறுகிப்போய், ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கியது. கத்தரி வேரழுகிச் சாய்ந்தது. தக்காளி மஞ்சளடித்து நின்றுவிட்டது. மருந்தடிக்காத நாலு காய் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்து வளர்த்த செடிகள். இன்னும் மனசு ஆறவில்லை.

போனில் கேட்டதற்கு, "தண்ணி அதிகமா விட்டிருப்பீங்கம்மா" என்றார் விற்றவர். அப்புறம் போனையே எடுப்பதில்லை.

மிச்சமிருந்ததை ஒரு லிட்டர் குவளையில் நிரப்பி எடை போட்டேன். 1 கிலோ 300 கிராம்! 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மண்புழு உரம் லிட்டருக்கு 700 முதல் 900 கிராம்தான் இருக்க வேண்டும். ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம். பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறதென்றால் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் நம்மிடம் காசு வாங்குகிறார்கள்.

தராசு இல்லையா? கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஒரு கைப்பிடி போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் கலந்திருந்தால் உடனே அடியில் படிந்துவிடும். எனக்குக் கால் பாட்டில் படிந்தது. வாடையையும் பாருங்கள். நன்றாக மக்கிய உரத்தில் சாணி நாற்றம் இருக்காது. மூட்டையின் அடிவரை கைவிட்டு எடுத்துத்தான் சோதிக்க வேண்டும், அவர்கள் அள்ளித் தருவதை அல்ல.

என் மூட்டையில் தயாரித்தவர் பெயர், முகவரி, சத்து அளவு எதுவும் அச்சிடப்படவில்லை. பில்லும் தரவில்லை. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் மாதிரியோடு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் நீங்களும் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மிச்ச உரத்தையும் சாக்கையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது சாட்சி. அந்த வண்டி இன்னும் தெருவில் வந்துகொண்டுதான் இருக்கிறது.