பழைய சிங்கர் மிஷினை ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

போன மாதம் எங்கள் அப்பாயியின் தையல் மிஷினை ரிப்பேருக்குக் கொடுத்து 3,400 ரூபாய் ஏமாந்தேன். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், அந்த மிஷினோடு வந்த ஷட்டில் (ஊசிக்கு அடியில் மேல்நூலைக் கீழ்நூலோடு பூட்டுகிற கொக்கி) போய்விட்டதே என்றுதான் இன்னும் மனசு ஆறவில்லை. என்னைப் போலப் பழைய மிஷினைத் துடைத்துவைத்துத் தைக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுடையது காலால் மிதிக்கிற சிங்கர் 15கே. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கர் ஃபேக்டரி இருந்தது, அதில் செய்தவற்றுக்குத்தான் எண்ணுக்குப் பின்னால் இந்த 'கே' வரும், கில்போவி என்ற இடத்தின் பெயர் அது. 1980லேயே அந்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அதனால் இதன் உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானும் ஒரு தடவை கைவிட்டுப் போனால் போனதுதான், மாற்று கிடைக்கும், அதே தரத்தில் கிடைக்காது.

பிரச்சனை சின்னதாகத்தான் ஆரம்பித்தது. மேலே தையல் அழகாக இருக்கும், துணியைத் திருப்பினால் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கும். சில சமயம் திடீரென்று இழுத்துப் பிடித்து மேல்நூல் அறுந்துவிடும். மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற டென்ஷன் நட்டை இறுக்கினேன், லூஸ் செய்தேன், ஒன்றும் சரியாகவில்லை. சரி, தெரிந்தவர் பார்க்கட்டும் என்று மிஷின் தலையை மட்டும் கழற்றி ஆட்டோவில் வைத்துக் கும்பகோணம் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் ஒரு துண்டுத் துணியைக்கூடத் தைத்துப் பார்க்கவில்லை. சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "ஷட்டில் தேய்ஞ்சு போச்சும்மா, பாபின் கேஸ் போச்சு, டென்ஷன் செட்டும் போச்சு, எல்லாம் மாத்தினாதான் ஓடும்" என்றார். (பாபின் கேஸ் என்பது கீழ்நூல் சுற்றிய பாபினை வைக்கிற சின்னக் கூடு, டென்ஷன் செட் என்பது மேல்நூலை இழுத்துப் பிடிக்கிற தட்டும் ஸ்பிரிங்கும்.) அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடியில் வளையம் விழுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது மேல்நூல் டென்ஷனை. மேல்நூலை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால்தான் அது அடியில் போய்த் தொங்குகிறது. அதற்குப் பாபின் கேஸை மாற்றி என்ன ஆகப்போகிறது?

நான்கு நாள் கழித்து வாங்கி வந்தேன். வீட்டில் தைத்தால் அதே வளையம், ஒரு வித்தியாசமும் இல்லை. பாபின் கேஸை வெளியே எடுத்துக் கையில் வைத்தபோது தகரம் மாதிரி லேசாக இருந்தது. விளிம்பில் நகத்தை ஓட்டினால் பிசிறு மாட்டியது, அந்தப் பிசிறில்தான் கீழ்நூலும் மாட்டிக்கொண்டு இழுத்தது. அப்பாயியின் பாபின் கேஸ் அப்படி இருக்காது, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். போன் செய்து பழைய சாமான்களைக் கேட்டேன். "அதையெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சும்மா" என்றார். இன்னொரு நாள் அவரே கூப்பிட்டு, இனி இது சரிப்படாது, தலையை நான் 2,000க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் பேசாமல் இருக்கவும் 5,000 வரை ஏற்றினார். ஓடாத மிஷினுக்கு யாராவது விலையை ஏற்றுவார்களா? (2009ல் சவுதியில் சிங்கர் மிஷினுக்குள் சிவப்புப் பாதரசம் என்று ஏதோ விலை உயர்ந்த பொருள் இருக்கிறது என்று புரளி கிளம்பி, பழைய மிஷின்களை லட்சக்கணக்கில் விலை பேசினார்கள். அப்படி எதுவும் உள்ளே கிடையாது. யாராவது அந்தக் கதையோடு வாசலுக்கு வந்தால் உள்ளே விடாதீர்கள்.)

கடைசியில் அதைச் சரி செய்தவர் எங்கள் பக்கத்துத் தெரு டெய்லர் தாத்தா. அவர் செய்த முதல் வேலை இதுதான்: துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்து மேல்நூலைக் கையால் இழுத்தார், தடையில்லாமல் வந்தது, அப்படித்தான் வர வேண்டும். அப்புறம் ஃபுட்டை இறக்கிவிட்டு மறுபடி இழுத்தார். அப்போது நூல் பிடித்துக்கொண்டு வர வேண்டும், ஆனால் வழுக்கிக்கொண்டு வந்தது. "இங்க பாரு ஆத்தா, தட்டு மூடவே இல்லை" என்றார். டென்ஷன் தட்டு இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன பின் வரும், ஃபுட்டைத் தூக்கும்போது அது தட்டுகளை விலக்கும், இறக்கினால் உள்ளே போய்விட வேண்டும். எங்கள் மிஷினில் அந்தப் பின் பாதியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. காரணம் தேங்காயெண்ணெய். மிஷின் எண்ணெய் தீர்ந்துபோன நாட்களில் வீட்டில் யாரோ அதை விட்டிருக்கிறார்கள், நாளாக நாளாக அது பிசின் மாதிரி இறுகிவிட்டது. புது டென்ஷன் செட் போட்டவர் அந்தப் பின்னைத் தொடவே இல்லை!

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, பின்னை உள்ளும் வெளியும் பத்து தடவை தள்ளிவிட்டதும் 'டக்' என்று தானாக உள்ளே போனது. அவ்வளவுதான் வேலை. மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டுத் தைத்துக் காட்டினார், இரண்டும் துணியின் நடுவிலேயே பூட்டிக்கொண்டன. மேலே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் அல்லது கீழ்நூல் லூஸ், அடியில் சிவப்பு வளையம் தெரிந்தால் மேல்நூல் லூஸ். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் உங்களை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது.

மிஷினைக் கடைக்குத் தூக்குவதற்கு முன்னால் நூலை முழுக்க எடுத்துவிட்டு, ஃபுட்டைத் தூக்கிவைத்து மறுபடி கோத்துப் பாருங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் தட்டுகளுக்கு நடுவில் உட்காராது, பாதிப் புகார் இதனால்தான் வருகிறது. ஊசியைப் பாருங்கள். 15கே-யில் ஊசியின் தட்டையான பக்கம் வலது பக்கம் பார்க்க வேண்டும், நூலை இடமிருந்து வலம் கோக்க வேண்டும். 66கே என்ற இன்னொரு சிங்கர் மாடலில் இது நேர் எதிர். பாபின் கேஸின் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு காகித ஓரத்தை விட்டு இழுத்தால் பஞ்சு வரும். அதன் ஸ்க்ரூவைத் திருப்புவதானால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், அதையும் வெள்ளைத் துணியை விரித்துவைத்துக்கொண்டு செய்யுங்கள், விழுந்தால் கண்ணில் படாத அளவு சின்னது. இவ்வளவுக்கும் பிறகும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போங்கள், ஆனால் ஷட்டில், பாபின் கேஸ், டென்ஷன் செட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு, எது மாற்றினாலும் பழையது என் கைக்கு வர வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

தாத்தாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். அவர் சத்தம் போட்ட பிறகு 1,500 ரூபாய் திரும்பி வந்தது. பழைய சாமான் எங்கே என்று அவர் விடாமல் கேட்டதும் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தார்கள். உள்ளே முப்பது நாற்பது பழைய பாபின் கேஸ்கள், எல்லாம் என்னைப் போன்றவர்கள் கொடுத்த மிஷின்களில் இருந்து எடுத்தவை. அப்பாயி ஊசி முனையால் கீறிவைத்த 'க' எழுத்து இருந்ததால் என்னுடையதைக் கண்டுபிடித்தேன். ஷட்டில் கிடைக்கவில்லை. மற்ற பாபின் கேஸ்கள் அந்த டப்பாவிலேயே கிடக்கின்றன. கும்பகோணத்தில் சமீபத்தில் பழைய மிஷினை ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் உங்கள் பாபின் கேஸை வெளியே எடுத்து விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிசிறு மாட்டினால் கடைக்குப் போய் அந்த டப்பாவை எடுக்கச் சொல்லுங்கள்.