ஒரே குடும்பம் கட்டிய மூன்று வீடுகள்: பெரம்பூரா, கொளத்தூரா, மாதவரமா?

வட சென்னையில் ஆறு மாதம் அடுக்குமாடி வீடு தேடினோம். கடைசியில் மிஞ்சிய மூன்றும் ஒரே குடும்பத்தார் கட்டியவை. தாத்தா மேஸ்திரியாக இருந்து பில்டர் ஆனவர். ஐ.சி.எஃப், லோகோ ஒர்க்ஸ் ஆகிய ரயில்வே ஆலைகளில் ஓய்வு பெற்றவர்களின் செட்டில்மென்ட் பணத்தை நம்பி, 90-களில் பெரம்பூர் அகரம் பக்கம் எட்டு எட்டு வீடுகளாகக் கட்டினார். மகன் 2008 வாக்கில் கொளத்தூரில் ஸ்டில்ட் வைத்து, அதாவது கீழே வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்டு, மேலே வீடுகள் கட்டினார். பேரன் இப்போது மாதவரத்தில் நீச்சல் குளம், ஜிம்மோடு கேட்டட் கம்யூனிட்டி கட்டுகிறார். "அவங்க கட்டினா கண்ணை மூடிட்டு வாங்கலாம்பா" என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தோம்.

முதலில் மண். அடுக்குமாடியில் நாம் வாங்குவது சுவரை மட்டுமில்லை, அடியில் இருக்கும் நிலத்தில் ஒரு பங்கையும்தான். பத்திரத்தில் அதைப் பிரிபடாத பாகம் என்று எழுதுவார்கள், புரோக்கர்கள் யூ.டி.எஸ் என்பார்கள். மனையின் அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்குக்குப் பெயர் எஃப்.எஸ்.ஐ. தாத்தா காலத்தில் அது 1.5, அதாவது ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 3,600 சதுர அடிதான் கட்டலாம். 900 சதுர அடி வீட்டுக்குக் கணக்குப்படி 600 சதுர அடி மண் வரும். 2019 விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு அது 2 ஆனது. அதே அளவு வீட்டுக்கு 450 சதுர அடி. உயரமான கட்டடங்களுக்கு 3.25 என்பதால் 277-க்கு இறங்கிவிடுகிறது. பேரன் கட்டுவது அந்த ரகம். பெயர் ஒன்றுதான், ஆனால் கைக்கு வரும் மண் பாதிக்கும் குறைவு.

இந்த வித்தியாசம் முன்பு ஏட்டில் மட்டும் இருந்தது. எட்டு வீட்டில் ஒருவர் முறைத்துக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டவே முடியாமல் இருந்தது. 2022-இல் இயற்றி 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எட்டில் ஆறு பேர். அதனால்தான், மண் பங்கு அதிகமுள்ள அகரம் வீட்டை "பழசு" என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழசின் கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. லிஃப்ட் கிடையாது. குளியலறைக் குழாய்கள் எல்லாம் துருப்பிடித்த ஜி.ஐ. பைப், மொத்தமாக மாற்ற வேண்டும். வங்கி மதிப்பீட்டாளர் கட்டடத்தின் மீதி ஆயுளைப் பார்த்துக் கடன் தவணைக் காலத்தைக் குறைத்துவிட்டார். இதையெல்லாம் விலையில் பேசிக் கழிக்கலாம், முழங்கால் வலியைக் கழிக்க முடியாது. முதல் மாடிக்கு மேல் நாங்கள் பார்க்கவே இல்லை.

கொளத்தூர் வீடு பார்க்க அழகு. நல்ல வெளிச்சம், ரெட்டேரிக் காற்று. ஆனால் தண்ணீர் தொட்டியான சம்ப் ஸ்டில்ட்டில் தரையோடு தரையாக இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருத் தண்ணீர் அதற்குள் இறங்கி, பத்து நாள் லாரித் தண்ணீரில் ஓட்டியதாக வாட்ச்மேன் சொன்னார். மோட்டார் பேனல் இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. விற்பவர் பேச்சை மாற்றினார். நாங்களும் கிளம்பிவிட்டோம்.

மாதவரத்தைப் பற்றிச் சொல்ல நிறைய நல்லது இருக்கிறது. இரண்டாம் கட்ட மெட்ரோவில் இரண்டு தடங்கள் அங்கிருந்துதான் புறப்படப் போகின்றன. ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருப்பதால், கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு, எவ்வளவு என்று எழுத்தில் வருகிறது. வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தாத்தா காலத்தில் இப்படிச் சட்டம் இல்லை, அவர் சொன்ன வாய்ச்சொல்தான். சைக்கிள் ஓட்டும் வயதில் பிள்ளை இருந்தால் நானே மாதவரம்தான் போகச் சொல்வேன்.

செலவுக் கணக்கு மூன்றையும் நெருக்கிக் கொண்டுவந்துவிடுகிறது. 70 லட்சம் வீடு என்று வைத்துக்கொள்வோம். கைமாறும் பழைய வீட்டுக்கு முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், 6.30 லட்சம். பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது வீட்டுக்கு அந்த விலையில் 7 சதவீதம், 4.90 லட்சம்தான். ஆனால் கட்டி முடிக்கும் முன்பே வாங்கினால் 5 சதவீத ஜி.எஸ்.டி சேர்ந்து 8.40 லட்சமாகிவிடும். பணி நிறைவுச் சான்று வரும்வரை பொறுத்தால் அந்த ஜி.எஸ்.டி இல்லை. மாதாமாதம் மெயின்டனன்ஸ் தனி. அகரத்தில் எட்டு வீடும் மோட்டாருக்கும் பெருக்குபவருக்கும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மாதவரத்தில் குளத்தில் இறங்காதவரும் குளத்துக்குக் கட்ட வேண்டும்.

பேரனை நேரில் பார்த்தபோது, அகரம் கட்டடத்தின் பழைய வரைபடம் கிடைக்குமா என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் கையை விரித்திருப்பார்கள். இரண்டு நாளில் தாத்தாவின் பீரோவிலிருந்து அங்கீகார எண்ணோடு எடுத்துக் கொடுத்தார். வில்லங்கச் சான்றில் இருந்த எட்டு வீட்டின் பங்கையும் கூட்டிப் பார்த்தோம். வரைபடத்தில் இருந்த மொத்த மனையோடு சரியாகப் பொருந்தியது. அந்த வாரமே முதல் மாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். பிளம்பர் தை மாதம் வருகிறார்.