கோபெக்லி தேப்பே: முதலில் அருங்காட்சியகம், அப்புறம் மேடு

கோபெக்லி தேப்பே என்ற தொல்லியல் மேடு, துருக்கியின் ஷான்லிஉர்ஃபா நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். 1963-ல் கள ஆய்வுக்கு வந்தவர்கள், தரைக்கு மேல் துருத்திய சுண்ணாம்புக் கற்களைப் பிற்காலக் கல்லறைக் கற்கள் என்று நினைத்துப் போய்விட்டார்கள். ஜெர்மன் தொல்லியலாளர் கிளவுஸ் ஷ்மிட் 1995-ல் அகழத் தொடங்கிய பிறகுதான் அவை கி.மு. 9500 வாக்கில் வட்ட வட்டமாக நிறுத்திய தூண்கள் என்று தெரிந்தது. பானை கிடையாது, உலோகம் கிடையாது. கிடைத்த எலும்பெல்லாம் காட்டு விலங்குகளுடையவை. உழவு வந்த பிறகே பெருங்கட்டடம் வந்தது என்ற பாடத்தை இந்த மேடு கலைத்துவிட்டது.

கூரை, நடைபாதை, வரவேற்பு மையத்திலிருந்து மேட்டுக்குப் பேருந்து, எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. குறை ஒன்றுதான்: வட்டங்களுக்குள் இறங்க முடியாது. மேலே தள்ளி நின்று பார்ப்பதால் புடைப்புச் சிற்பங்கள் சட்டென்று பிடிபடாது. பைனாகுலர் இல்லாமல் போனால் பாதி வீண்.

அதனால்தான் நகரிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தை முதலில் பார்க்கச் சொல்கிறோம். 'டி' வட்டத்தை அசல் அளவிலேயே அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள்; உள்ளே நடக்கலாம். நடுவிலுள்ள 18-ஆம் தூண், மனித உருவாகச் செதுக்கியது, ஐந்தரை மீட்டர் உயரம். பலர் அகலமான பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கே கை தெரியும், விரல்கள் தெரியாது. குறுகிய முன்பக்கம் போய் நின்றால்தான் இரு கை விரல்களும் வயிற்றில் வந்து சேர்வதும், கீழே இடைவாரும், அதில் தொங்கும் நரித்தோலும் தெரியும். பீடத்தில் வரிசையாக ஏழு பறவைகள். இதெல்லாம் கல்லாயுதத்தால் செதுக்கியது! அதே கட்டடத்தில் கருங்கண்ணாடிக் கல் பதித்த கண்களோடு நிற்கும் உர்ஃபா மனிதன் சிலையையும் விட்டுவிடாதீர்கள்.

'வரலாற்றின் பூஜ்ஜியப் புள்ளி' என்ற விளம்பர வாசகத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஆளில்லாத வெறும் கோயில், வேண்டுமென்றே மண்ணிட்டு மூடினார்கள் என்பதெல்லாம் பழைய விளக்கம். பின்னர் குடியிருப்புகளும் மழைநீர்த் தொட்டியும் கிடைத்திருக்கின்றன. சரிவிலிருந்து மண்ணும் கல்லும் சரிந்தே வட்டங்கள் நிரம்பின என்று இப்போது விளக்குகிறார்கள்.

கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கூரையை விட்டால் நிழல் அரிது. முதல் நாள் மாலை அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மறுநாள் காலை மேடு திறந்ததும் போய்விடுங்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரோடு.