கடலோரக் காரின் கீலுக்கு ஸ்பிரேயா, கிரீஸா?

குளச்சலிலோ முட்டத்திலோ கடலைப் பார்த்து நிற்கும் காருக்கும், குலசேகரத்தில் ரப்பர் மரத்தடியில் நிற்கும் காருக்கும் ஒரே பராமரிப்பு சரிவராது. கதவு கீல் கிரீச்சிடுவதற்கும் பானெட் லாட்ச் இறுகிப் போவதற்கும் கரையோரத்தில் மழையைவிட உப்புதான் பெரிய காரணம். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை விட்டு வெயில் அடித்தாலும் கீலுக்குள் ஈரம் முழுசாகக் காயாது. அதனால் எந்த எண்ணெய் பிடிப்பை வேகமாக விடுவிக்கிறது என்பதைவிட, எது அந்த இடத்தில் தங்கி நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் தேர்வு வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்பிரே. டபிள்யூடி-40 ஸ்பிரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் வேலை வேறு.

டபிள்யூடி-40 என்ற பெயரே நீரை விலக்கும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதிலிருந்து வந்தது. 1953-இல் அமெரிக்காவில் உருவானபோது அதற்கு வைத்த நோக்கம் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பது. அதில் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான், எண்ணெய்ப் பங்கு குறைவு. மெல்லிய திரவம் என்பதால் கீலின் நடுக்கம்பியான பின்னுக்கும் அதைச் சுற்றியுள்ள வளையமான புஷ்ஷுக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளிக்குள் சட்டென்று இறங்கும், காய்ந்த பழைய கிரீஸையும் இளக்கும். அடித்த நிமிடமே சத்தம் நின்றுவிடும். கரைப்பான் பறந்த பிறகு மிஞ்சும் படலம் மிக மெல்லியது. கடலோரத்தில் அது சில வாரங்கள்தான் தாங்கும். திரும்பத் திரும்ப அடிக்கும்போது கீலில் மிச்சமிருந்த கம்பெனி கிரீஸும் கரைந்து வழிந்துவிடும்.

வெள்ளை லித்தியம் ஸ்பிரேயும் கேனிலிருந்து திரவமாகத்தான் வரும், அதனால் அதுவும் உள்ளே நுழையும். சில நிமிடங்களில் அதிலுள்ள கரைப்பான் பறந்து, கெட்டியான வெள்ளைக் கிரீஸ் அங்கேயே நின்றுவிடும். கதவின் மொத்த எடையும் இரண்டு கீல்களில் தொங்குகிறது. அந்த அழுத்தத்தில் மெல்லிய எண்ணெய் பிதுங்கி வெளியேறும், கிரீஸ் நிற்கும். கரையோரக் காருக்கு வைகாசிக் கடைசியில் சாரல் தொடங்கும் முன் ஒருமுறை, மார்கழியில் வடகிழக்கு மழை ஓய்ந்ததும் ஒருமுறை என வருடத்துக்கு இரண்டு தடவை போதும். உள்நாட்டில் ஒரு தடவையே தாராளம். கார் ஷெட்டில் நிற்கிறதா, வெட்டவெளியிலா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு முன்னே பின்னே போகலாம்.

பலர் தவறுவது அடிக்கும் வரிசையில். உப்பின் மேல் கிரீஸ் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். வெளியே வெள்ளையாகப் பளபளக்கும், அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் உப்பைக் கரைக்காது. உப்பைக் கரைப்பது தண்ணீர் மட்டுமே, அதுவும் உவர்ப்பில்லாத தண்ணீர். கரையோரத்துக் கிணறு உவராக இருந்தால் குடிதண்ணீரிலேயே கழுவுங்கள். கீலை நன்றாக நனைத்துக் கழுவி, துடைத்து, ஒரு மணி நேரம் கதவைத் திறந்து போட்டுக் காயவிடுங்கள். பிறகு டபிள்யூடி-40 அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, கதவைப் பதினைந்து தடவை திறந்து மூடுங்கள். பின்னின் அடியிலிருந்து காப்பிப்பொடி நிறத்தில் ஒரு குழம்பு வழியும். துணியில் அந்த நிறம் ஒட்டாமல் போகும் வரைக்கும் துடையுங்கள். அதற்குப் பிறகுதான் கிரீஸ். கேனை ஒரு நிமிடம் குலுக்கி, கீலுக்குப் பின்னால் துணியைப் பிடித்துக்கொண்டு, பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒவ்வொரு நொடி அடித்தால் போதும். கதவை மறுபடி இருபது தடவை ஆட்டி, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். மணவாளக்குறிச்சிக் கரை மணலில் கார்னெட் உண்டு, உப்புத்தாள் செய்யப் பயன்படும் அதே கனிமம். வெளியே மிஞ்சிய கிரீஸில் அது ஒட்டினால் கீலையே அராவிவிடும்.

பானெட் லாட்சுக்கும் இதே வரிசைதான். முடித்ததும் பானெட்டை மூடிவிடாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரால் லாட்சை அழுத்திப் பூட்டி, உள்ளேயிருக்கும் லீவரை இழுத்துப் பாருங்கள். டக்கென்று துள்ளித் திறக்க வேண்டும். தயங்கினால் மறுபடி சுத்தம் செய்யுங்கள். மூடிய பிறகு மாட்டிக்கொண்டால் முன் கிரில்லைக் கழற்ற வேண்டி வரலாம்.

எம்பிவி வண்டிகளில் அடியில் தொங்கும் ஸ்டெப்னி கேரியருக்கு மட்டும் படகுக்காரர்கள் பயன்படுத்தும் கால்சியம் வகை மரைன் கிரீஸ் லித்தியத்தை வெல்லும். தண்ணீர் அதை எளிதில் அடித்துச் செல்லாது. சாதாரணக் கால்சியம் கிரீஸ் சூடு தாங்காது என்பதால் வீல் பேரிங் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அங்கே ஏபி3 போன்ற லித்தியம் கிரீஸ்தான். வீட்டில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெயில் துருத்தடுப்பு மருந்து எதுவும் இல்லை, சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும் போகும். மார்கழி விடியலில் பேச்சிப்பாறைப் பக்கம் லாட்ச் மறுபடி இறுகுவதற்கு அதுவே போதும்.

ரப்பர் இருக்கும் இடத்தில் லித்தியம் தோற்றுவிடும். அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கையும் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தையும் ஊதிப் பெருக வைக்கும். அங்கே சிலிக்கான் ஸ்பிரே. பவர் விண்டோ மெதுவாக ஏறினால் முதலில் ஈரத்துணியால் பள்ளத்து மணலை எடுத்துவிட்டு, ஸ்ட்ரா வழியாக இரண்டு பக்கமும் லேசாக அடியுங்கள். பெயின்ட் அடிக்கப் போகும் காரில் மட்டும் சிலிக்கான் வேண்டாம், பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

சாவித் துவாரத்துக்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். இரண்டும் தூசியைச் சேர்த்துக் களியாக்கும். ரிமோட் பேட்டரி தீர்ந்த அன்றுதான் சாவி திரும்பவில்லை என்பது தெரியவரும். கிராஃபைட் தூள் பழைய வழக்கம். உப்பு ஈரத்தில் கிராஃபைட் துத்தநாகக் கலவைப் பூட்டை அரிக்கத் தூண்டும் என்பதால் கரையோரத்தில் உலர் பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்பிரேதான் என் பரிந்துரை. அடித்துவிட்டுச் சாவியைப் பத்துத் தடவை திருப்புங்கள். பிறகு மாதம் ஒருமுறையாவது ரிமோட்டை விட்டுச் சாவியால் திறங்கள்.

பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னில் ஏபி3-ஐத் தடவும் வழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. வேலை கொடுக்கும்போதே தடுத்துச் சொல்லுங்கள். பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் ஊதி, பின் உள்ளே இறுகிவிடும். உள்பக்க பேட் சீக்கிரம் தேய்ந்து, வெளிப்பக்க பேட் அப்படியே இருந்தால் முதலில் இந்தப் பின்னைச் சந்தேகப்படுங்கள். அந்த வீல் மட்டும் மற்றதைவிடச் சூடாகவும் இருக்கும். பிரேக் கிளீனரால் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். நிறைய அப்பினால் பின் உள்ளே போகும்போது காற்று அடைபட்டு, அதுவே ஒரு பிடிப்பாகிவிடும்.